சுழலும் உணவகமும் உம்மாவின் நாற்காலியும்



நேற்றுப் பகல் உங்கள் வீட்டில் கடைசியாகச் சோறு போட்டுக்கொண்டவர் யார்? அவர் எங்கே அமர்ந்து சாப்பிட்டார்? எல்லோரோடும் பாயிலா, மேசையிலா, இல்லை அடுப்படியில் ஒரு பலகையிலா? சாப்பிட்டு முடிப்பதற்குள் எத்தனை தடவை எழும்பினார்? "உம்மா, தண்ணி", "உம்மா, இன்னும் கொஞ்சம் ஆணம்" என்று எத்தனை குரல்கள் அவரைக் கூப்பிட்டன?

இந்தக் கேள்விகளை மனதின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இம்முறை நாம் பேசப்போவது வானுயர்ந்த கோபுரத்தின் மேல் சுழன்றுகொண்டே இருக்கும் உணவகத்தைப் பற்றி. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

மன்னார் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் முள்ளிக்குளம், மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி என்று கடலோரமாக அடுத்தடுத்து ஊர்கள் இருக்கின்றன. இங்குள்ள பிள்ளைகளும் கைபேசியில் கொழும்புத் தாமரைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டார்கள். மத்திய கிழக்கிலிருந்து மாமாவோ ராத்தாவோ விடுமுறையில் வந்து இறங்கினால் போதும், "அந்தக் கோபுரத்துக்கு மேலே சுத்திக்கொண்டே இருக்கிற சாப்பாட்டுக் கடை இருக்காமே, கூட்டிக்கொண்டு போங்க" என்ற நச்சரிப்புத் தொடங்கிவிடும். பிள்ளைகளின் ஆசையில் தவறில்லை. அது என்ன, எப்படிச் சுழல்கிறது, அங்கே போவதால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வது பெரியவர்களின் பொறுப்பு.

கட்டடம் சுற்றாது, தரைதான் சுற்றும்

சுழலும் உணவகம் என்றதும் கோபுரமே பம்பரம்போல் சுற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கோபுரம் அசையாது. கண்ணாடி ஜன்னல்களும் அசையா. நடுவிலுள்ள சமையற்கூடம், கழிவறை, லிப்ட் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். இவை இரண்டுக்கும் இடையில் வளையல்போல் ஒரு தரை அமைத்திருப்பார்கள். மேசை நாற்காலிகள் இருப்பது அந்த வளையத்தின் மேல்தான். அதன் அடியில் சக்கரங்களும் அவை உருளத் தண்டவாளமும் உண்டு. மின்சார மோட்டார் ஒன்று அந்த வளையத்தை நத்தைபோல மெதுவாக நகர்த்தும்.

சமையற்கூடத்தை ஏன் நடுவில் வைத்தார்கள் தெரியுமா? தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் சுற்றுகிற தரையில் பொருத்தினால் அவை முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் சமையல் ஓரிடத்தில் நிற்க, சாப்பிடுகிறவர்கள் அதைச் சுற்றி வருகிறார்கள்.

இவ்வளவு பெரிய தரையைச் சுழற்ற இராட்சத இயந்திரம் வேண்டுமே என்று தோன்றும். அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கோபுரத்தில் தொடக்கத்தில் அந்த வேலையைச் செய்தது ஒரேயொரு குதிரைவலு மோட்டார்! நம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் பூட்டுகிறோமே, ஏறக்குறைய அந்த அளவுதான். பாரத்தைச் சக்கரங்களில் சரியாகப் பகிர்ந்து, அவசரப்படாமல் தள்ளினால் சிறிய விசையும் பெரிய பாரத்தை நகர்த்திவிடும். ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். வளையத்தின் வெளியோரம் ஒரு நிமிடத்தில் ஓரிரு மீற்றர் மட்டுமே நகரும். கோப்பையில் தேநீர் தளும்பாது. வேகம் கூடினால் சாப்பிட வந்தவர்களுக்குத் தலை சுற்றிவிடும் அல்லவா?

நீரோ மன்னன் முதல் தாமரைக் கோபுரம் வரை

இந்த ஆசை இன்று நேற்றுப் பிறந்ததல்ல. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியை ஆண்ட நீரோ மன்னன் தன் மாளிகையில், வானம் சுழல்வதுபோல இரவும் பகலும் சுழலும் விருந்துக் கூடம் ஒன்றை அமைத்திருந்தான் என்று அக்கால வரலாறு சொல்கிறது. 2009இல் ரோமின் பலட்டைன் குன்றில் அகழ்வாராய்ச்சி செய்தவர்கள் ஒரு வட்டக் கட்டடத்தின் அடிப்பகுதியைக் கண்டெடுத்தார்கள். அந்தக் கூடத்தின் மிச்சம் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கருத்து. அன்று அந்தச் சுழற்சி அரசனுக்கும் அவன் விருந்தினருக்கும் மட்டுமே உரியது.

நம் காலத்தில், 1959இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத் தொலைத்தொடர்புக் கோபுரத்தில் சுழலும் உணவகம் திறக்கப்பட்டது. 1961இல் எகிப்தின் கெய்ரோவில் 187 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்தது. அதன் உச்சியிலும் சுழலும் உணவகம் உண்டு. இன்னொரு புதுமை கேளுங்கள். அந்தக் கெய்ரோக் கோபுரமும் தாமரையின் சாயலில்தான் வடிவமைக்கப்பட்டது! பழைய எகிப்தியரின் தாமரை அது. ஆக, கொழும்புத் தாமரைக்கு அறுபது வயது மூத்த ராத்தா ஒருவர் நைல் நதிக்கரையில் இருக்கிறார்.

1962இல் சியாட்டில், 1966இல் லண்டன், 1969இல் பெர்லின் என்று இந்த மோகம் பரவியது. லண்டன் தபாற் கோபுரத்தின் சுழலும் உணவகத்துக்கு ஆயுள் குறைவு. 1971இல் அந்தக் கோபுரத்தில் குண்டு வெடித்தது. 1980இல் உணவகத்தையும் மூடிவிட்டார்கள். நம்மவர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கும் கனடாவின் டொரொன்டோவில், 1976இல் திறக்கப்பட்ட சி.என். கோபுரத்தின் உணவகம் 351 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 72 நிமிடம். கொழும்புக் கோபுரத்தின் முழு உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! மலேசியாவின் கோலாலம்பூரில் 1996இல் திறந்த 421 மீற்றர் கோபுரத்திலும் சுழலும் உணவகம் அமைந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு பேரை ஏரிக்கரையில் தாமரைக் கோபுரத்தின் வேலை 2012இல் தொடங்கியது. செலவு 10 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். அதில் பெரும்பகுதி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் வாங்கிய கடன். 2019 செப்டெம்பரில் திறப்பு விழா நடந்தாலும், பொதுமக்கள் உள்ளே போக முடிந்தது 2022 செப்டெம்பர் 15 முதல்தான். அந்த மாதம் நினைவிருக்கிறதா? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறியிருந்த மாதம் அது. மாவும் சீனியும் பால்மாவும் கைக்கெட்டாத விலை. அந்த நேரத்தில் கோபுரத்தைப் பார்க்க 500 ரூபாவுக்கும் 2000 ரூபாவுக்கும் நுழைவுச்சீட்டு விற்றார்கள். அப்படியிருந்தும் கூட்டம் அலைமோதியது. கவலை நிறைந்த காலத்திலும், ஏன் கவலை நிறைந்த காலத்தில்தான், மனிதன் கொஞ்சம் உயரத்துக்குப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறான் போலும்.

சுழலும் உணவகம் திறக்க அதற்குப் பின்னும் ஓராண்டுக்கு மேலாயிற்று. புளூ ஓர்பிட் என்ற பெயரில், 200 மீற்றருக்கும் மேலான உயரத்தில் அது அமைந்தது.

மேலே போனால் என்ன தெரியும்?

நீங்கள் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்தால் அடிவானம் நான்கைந்து கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். 200 மீற்றர் உயரத்துக்கு ஏறினால் அதே அடிவானம் 50 கிலோமீற்றருக்கு விலகிப் போகும். அல்லாஹ்வின் படைப்பு எவ்வளவு விரிந்தது என்பதை ஒரு லிப்ட் பயணம் காட்டிவிடுகிறது.

தரை மெல்லச் சுழலச் சுழல ஒவ்வொன்றாக முன்னே வரும். காலடியில் பேரை ஏரி. மேற்கே காலிமுகத்திடல், கடலை நிரப்பி உண்டாக்கிய துறைமுக நகரம், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். அதைத் தாண்டினால் புறக்கோட்டை. அங்கே சிவப்பும் வெள்ளையும் கலந்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். 1908இல் கட்டத் தொடங்கிய அந்தப் பள்ளியின் மினாராக்கள்தான் ஒருகாலத்தில் கப்பலில் வருவோருக்குக் கொழும்பின் அடையாளம் என்பார்கள். இன்று அதை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம்.

இன்னொரு பக்கம் கொம்பனித்தெரு. மலாய் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நெருக்கமான ஒழுங்கைகள் அங்கே இருந்தன. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் பின்னும் நகர அபிவிருத்தி என்ற பெயரில் பல குடும்பங்கள் அங்கிருந்து மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது கூரைகள் தெரியும். கூரையின் கீழ் யார் இருந்தார், யார் போனார் என்பது தெரியாது.

முள்ளிக்குளம்? அது நேர்கோட்டில் பார்த்தாலும் சுமார் 180 கிலோமீற்றருக்கு அப்பால். தரை எத்தனை தடவை சுற்றி வந்தாலும் கண்ணுக்கு எட்டாது.

உயரத்தில் இருந்தவரும் கீழே உழைத்தவரும்

உயரத்தில் அமர்ந்து பார்ப்பது எங்கள் கரைக்கும் புதியதல்ல. அரிப்புக் கடலோர மேட்டில் ஒரு பழைய செங்கல் மாளிகை இடிந்து கிடக்கிறதே, அல்லிராணிக் கோட்டை என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதைக் கட்டுவித்தவர் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த். 1800களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி, மேலிருந்தபடி கடலைக் கண்காணிக்கத்தான் அந்த மாளிகை. ஆளுநர் மேலே உட்கார்ந்து பார்த்தார். கீழே கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் கல்லின் பாரத்தோடு ஆழத்தில் இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கினார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 1906இல், மரிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்பு முகாம் நடந்தபோதும் நிலைமை அதுதான். மேற்பார்வைக்கு வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள். தண்ணீருக்குள் நம்மவர்கள்.

இன்று அந்த மாளிகையைக் கடல் அரித்துக் கொண்டிருக்கிறது. ஆனால் ஒருவர் அமர்ந்திருக்க இன்னொருவர் உழைக்கும் வழக்கம் எங்கும் போகவில்லை.

குவைத் கோபுரங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் பெரிய உருண்டைகள். 1979இல் திறக்கப்பட்ட அவை தண்ணீர்த் தாங்கிகளும்கூட. உயரமான கோபுரத்தின் மேலுருண்டை 123 மீற்றர் உயரத்தில் அரை மணிக்கொரு தடவை சுற்றும். கீழுருண்டையில் உணவகம். 1980களிலிருந்து நம் சகோதரிகள் எத்தனை பேர் அந்த நாட்டு வீடுகளில் பணிப்பெண்களாக வேலை செய்தார்கள்! பலர் அந்தக் கோபுரத்தைக் கீழே தெருவிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போகக் கிடைத்த சிலருக்கும் எசமானியின் குழந்தையை மடியில் வைத்து ஊட்டுவதுதான் வேலை. தனக்கென்று ஒரு தட்டு முன்னால் வந்தவர் எத்தனை பேர்?

1990 ஓகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அந்தக் கோபுரங்களும் சேதமாயின. நம் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் பாலைவனம் தாண்டி ஜோர்தான் வழியாக ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் உட்பட வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். உழைக்கப் போன இடமும் போய், திரும்பி வர வேண்டிய வீடும் போய், புத்தளத்திலும் கல்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் அடைக்கலம் தேடிய குடும்பங்களை இன்றும் காணலாம்.

பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கச் சகோதரர்களின் கதையும் வேறல்ல. 2007 செப்டெம்பரில் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டார்கள். ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. 2017 மார்ச்சில் அந்த மக்கள் வெயிலிலும் பனியிலும் இருந்து போராடினார்கள். பெண்கள் முன்னணியில் நின்றார்கள். ஏப்ரல் 29ஆந் திகதி 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது.

இவற்றை ஏன் சாப்பாட்டுக் கதையில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். முகாமில் தட்டேந்தி வரிசையில் நின்ற பெண்ணுக்குத்தான் தெரியும், சொந்த இடத்தில் ஆறுதலாக உட்கார்ந்து ஒரு பிடி சோறு உண்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்று! அந்தப் பெண்தான் ஊர் திரும்பிய பிறகும் அடுப்படிப் பலகையில் குந்தி, எல்லோரும் உண்ட பின் உண்கிறார். வரிசை மாறியது, அவர் நிற்கும் இடம் மாறவில்லை.

அங்கே உம்மா எழும்ப வேண்டியதில்லை

சுழலும் உணவகத்தில் காட்சியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அங்கே உம்மாவுக்கு அடுப்படி இல்லை. "கறி பத்துதா?" என்று பார்க்க ஓட முடியாது. பாத்திரம் கழுவ முடியாது. தரை ஒரு சுற்று வரும்வரை, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ, எல்லோருக்கும் சமமாக அவரும் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். அவர் முன்னாலும் ஒருவர் தட்டை வைத்து, "வேறென்ன வேண்டும்?" என்று கேட்பார். வாழ்நாளில் அந்தக் கேள்வியை அவரிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஆனால் இந்த நன்மை தானாக வந்துவிடாது. இவ்வகை உணவகங்களில் பெரும்பாலும் புபே முறைதான். நாமே போய் எடுத்து வர வேண்டும். என்ன நடக்கும்? வாப்பா ஜன்னலோரம் அமர்ந்து துறைமுகத்தைப் பார்ப்பார். பிள்ளைகள் படம் எடுப்பார்கள். உம்மா மூன்று தட்டுகளைச் சுமந்துகொண்டு நடப்பார்! கொழும்பு வரை போய், 200 மீற்றர் மேலே ஏறியும், அவருக்கு அதே அடுப்படிதான். அப்படியானால் போன காசு எதற்கு?

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். "ஒராளுக்கு இவ்வளவா? இந்தக் காசுக்கு வீட்டில் ஒரு கிழமை ஆக்கலாமே!" என்று கணக்குப் போடாத உம்மா நம் ஊர்களில் இல்லை. அந்தக் கணக்குச் சரியானது. கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, பக்கத்து வீட்டாருக்குப் படம் காட்டுவதற்காகவோ போகிற பயணமல்ல இது. வீண்விரயம் நமக்குத் தடுக்கப்பட்டது. ஆனால் இதே கணக்கை அவர் தன் பங்குக்கு மட்டும் போடுகிறாரா என்று பாருங்கள். "நீங்க போய் வாங்க, நான் வீட்டப் பார்த்துக்கொள்றேன்" என்று உம்மா சொன்னால், அந்தப் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். அவர் இல்லாமல் போவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

வசதி உள்ளவர்களும், பல மாதம் சேமித்துப் போகிறவர்களும் சில விஷயங்களை நினைவில் வைத்தால் நல்லது.

முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். கட்டணம், நேரம், பிள்ளைகளுக்குக் கழிவு உண்டா என்பதோடு, இறைச்சி ஹலாலா, மது பரிமாறப்படுகிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? நம் நாட்டில் 2014 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கும் பொறுப்பை ஹலால் அங்கீகாரப் பேரவை செய்து வருகிறது. சான்றிதழ் இருந்தால் அது எதற்கு உரியது, எந்தத் திகதி வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லிப்ட் வேகமாக ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். கைக்குழந்தை அழுதால் குடிக்க ஏதும் கொடுங்கள்.

கைப்பையையோ கைபேசியையோ ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். ஜன்னல் நிற்கும், நீங்கள் நகர்வீர்கள். சிறிது நேரத்தில் உங்கள் பை அடுத்த மேசைக்காரர் முன்னால் இருக்கும்! கழிவறைக்குப் போகும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். திரும்பி வந்தால் மேசை விட்ட இடத்தில் இருக்காது. பிள்ளை திகைத்துவிடும்.

மூத்தம்மாவுக்குத் தலைச்சுற்றல் உண்டென்றால் பக்கத்து ஜன்னல் சட்டத்தைப் பார்க்காமல் தூரத்துக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்வட்டத்து இருக்கை கிடைத்தால் அவருக்கு அது இன்னும் வசதி.

தொழுகை விஷயத்தில் கவனம் தேவை. சுற்றும் தரையில் கிப்லா நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே போகுமுன் கீழே தொழுதுகொள்ளுங்கள், அல்லது அசையாத பகுதியில் இடம் கேளுங்கள். நோன்புக் காலத்தில் இப்தாருக்குப் போவோருக்கு இன்னொரு செய்தி. உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் சற்றுத் தாமதமாகத்தான் மறையும். 828 மீற்றர் உயரமான துபாய் புர்ஜ் கலீபாவில் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்பவர்கள் 2 நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் வசிப்பவர்கள் 3 நிமிடமும் பொறுத்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் அறிவித்தார்கள். 200 மீற்றரில் இந்த வித்தியாசம் ஒன்றரை நிமிடத்தளவு வரும். உங்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

புபே என்றால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கொடுத்த காசுக்கு வயிற்றை நிரப்ப வேண்டும் என்று குவித்து, பாதியை மிச்சம் வைப்பது நம் வழக்கமாக இருக்கக் கூடாது. முக்கியமாக, எடுத்து வரும் வேலை வாப்பாவுக்கும் நானாவுக்கும். உம்மாவும் மூத்தம்மாவும் அமர்ந்த இடத்தில் அமர்ந்திருக்கட்டும். ஜன்னலோர இருக்கையும் அவர்களுக்கே.

போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம்

நம்மில் பெரும்பாலோருக்குக் கொழும்புப் பயணமே பெரிய செலவு. பஸ் கட்டணம், தங்குமிடம், அதற்கு மேல் கோபுரம். முடியாது என்றால் முடியாதுதான். அதற்காகப் பிள்ளைகளிடம் எரிந்து விழ வேண்டாம். "இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் போவோம்" என்று சொல்லுங்கள். தரை எப்படிச் சுழல்கிறது என்று விளக்குங்கள். ஒரு பெரிய தட்டையும் நாலைந்து மாபிள்களையும் எடுத்து, மாபிள்களின் மேல் தட்டை வைத்து விரலால் தள்ளிக் காட்டினால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

நம்மிடம் ஒரு வட்ட விருந்து ஏற்கெனவே இருக்கிறதே! சஹன். கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் ஆறு பேர் சுற்றி அமர்ந்து ஒரே சஹனில் உண்கிறோம். அங்கே தலைமாடு கால்மாடு இல்லை. மேலிடம் கீழிடம் இல்லை. பணக்காரர் பக்கம் அதிகச் சோறும் ஏழை பக்கம் குறைந்த சோறும் இல்லை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் பிஸ்மி சொல்லித் தொடங்குகிறார்கள். ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவர் கூச்சப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் இறைச்சித் துண்டை அவர் பக்கம் தள்ளி வைப்பார்.

இந்த அழகான முறையைக் கல்யாணத்துக்கு மட்டும் ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்? கிழமைக்கு ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பிறகோ வேறு வசதியான நேரத்திலோ, வீட்டில் சஹன் வையுங்கள். புரியாணிதான் வேண்டும் என்பதில்லை. சோறும் மீன் ஆணமும் ஒரு சம்பலும் போதும். சட்டி பானை, தண்ணீர்க் கூஜா, உப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். யாரும் உள்ளே ஓட வேண்டிய தேவை இருக்கக் கூடாது. உம்மா உட்கார்ந்த பிறகுதான் முதல் பிடி. ஏதாவது குறைந்தால் எழும்புவது ஆண் பிள்ளைகள். சாப்பிட்டு முடிந்ததும் சஹனைக் கழுவுவதும் அவர்கள்தான். நபிகளார் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதைச் சிறு வயதிலேயே மதரஸாவில் படித்தவர்கள்தானே நம் பையன்கள்!

முதல் நாள் உம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. "எனக்குப் பசிக்கல்ல, நீங்க தின்னுங்க" என்பார். எழும்பப் பார்ப்பார். கையைப் பிடித்து உட்கார வையுங்கள். இரண்டாம் கிழமை கொஞ்சம் பழகும். மூன்றாம் கிழமை, தன் சின்ன வயதில் மரிச்சுக்கட்டிக் கரையில் என்ன மீன் பட்டது, இடம்பெயர்ந்த நாளில் எதை எடுத்தார், எதை விட்டு வந்தார் என்று அவரே சொல்லத் தொடங்குவார். இத்தனை வருடம் நமக்கு அந்தக் கதைகள் ஏன் தெரியாமல் போயின? அவர் நம்மோடு உட்கார்ந்ததே இல்லை. அதுதான் காரணம்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு உங்கள் கணவரிடமும் பிள்ளைகளிடமும் கொடுங்கள். குறிப்பாக, அடுத்த மாதம் விடுமுறையில் வர இருக்கும் தம்பியிடமோ மகனிடமோ தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். உம்மாவைக் கோபுரத்துக்குக் கூட்டிப் போக அவருக்கு வசதி இருந்தால் கூட்டிப் போகட்டும். இல்லையென்றால், வருகிற வெள்ளிக்கிழமை சஹனைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.